நீல மை காய்ந்த போட்டோ

எங்கள் வீட்டில் போட்டோ பிரிண்டர் ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்று மட்டும்தான் சொல்வேன். வேலை செய்கிறது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். டிவிக்குப் பக்கத்தில், அப்பாவின் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் "என்னது, தையல் மிசினா?" என்று கேட்பார்கள். தையல் மிஷினாக இருந்திருந்தால் நான் இப்படி வயிறெரிந்து எழுத வேண்டி வந்திருக்காது. நூல்கண்டின் விலை எந்த ஊரிலும் மிஷினின் விலையைத் தொடுவதில்லை.

மையின் விலை தொடுகிறது. நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

எங்கள் ஊர் பரளச்சிப் பக்கம். மழையை நம்பிக் கொத்தமல்லியும் பருத்தியும் உளுந்தும் போடுகிற குடும்பம். நான் மட்டும் தினமும் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய், ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த வருடம்தான் பிரிண்டர் வீட்டுக்குள் வந்தது. ஜாதகம் கொடுக்கும்போது கூடவே பெண்ணின் போட்டோவும் கொடுக்க வேண்டும். எல்லாரும் இப்போது போனில் அனுப்புகிறார்கள். அப்பா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"போன்ல அனுப்புனா அது ஊரு பூராம் சுத்தும் தாயி. பேப்பர்ல கொடுத்தா, பொருந்தலைனா ஜாதகத்தோட திரும்பி வந்துரும்" என்றார்.

அது நியாயம்தான். எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம் இன்னும் இருக்கிறது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகமும் போட்டோவும் தரகர் கையில் போகும், வேண்டாம் என்றால் தரகர் கையிலேயே திரும்பி வரும். ஸ்டூடியோவில் போட்டோ எடுக்கவும் அப்பாவுக்குப் பயம். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணின் படத்தை ஒரு ஸ்டூடியோக்காரர் கேட்காமலேயே விளம்பரத்துக்குப் பெரிதாக அடித்து, பஸ் ஸ்டாண்டு எதிரில் மாட்டிவிட்டார். அந்தப் பெண் மாதக்கணக்கில் பஸ் ஏற வெட்கப்பட்டாள். ஆகவே வீட்டிலேயே போட்டோ எடுப்போம், வீட்டிலேயே அடிப்போம் என்று முடிவானது.

டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு அப்பாவும் நானும் போனோம். விலையைக் கேட்டதும் அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. "இம்புட்டுப் பெரிய மிசினு இம்புட்டுக் காசுதானா?" என்று கடைக்காரரிடம் இரண்டாம் முறை கேட்டார். விலை குறைவு என்றால் சந்தேகப்படுகிற மனுஷர்தான். ஆனால் அன்றைக்கு அந்தப் பெட்டியின் பளபளப்பு அவரை மயக்கிவிட்டது. ஊர் வந்து இறங்கும் வரை பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்காமலேயே "பிரிண்டரு" என்று சொன்னார்.

முதலில் அடித்தது அம்மாவின் படம். அடுப்பங்கரையில் கரண்டியோடு நிற்கிற படம். பிறகு ஆடு, பிறகு ஆட்டின் குட்டிகள், பிறகு அத்தை வீட்டுக் காதுகுத்துப் படங்கள், நடுவில் ஜாதகத்தோடு கொடுக்க என் படங்கள். எண்ணிக்கையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பெரிதாக ஒன்றும் அடித்துவிடவில்லை. அதற்குள் மிஷினில் விளக்கு மினுக் மினுக் என்று எரிய ஆரம்பித்துவிட்டது. மை தீரப்போகிறதாம்.

புதுசாக வாங்கும்போது உள்ளே வருகிற மை, அரைக் குப்பிதான் என்று கடைக்காரர் அப்போதுதான் சொன்னார். வாங்கும்போது சொல்லவில்லை. நாலு நிறத்துக்கும் விலை கேட்டோம். சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன்.

"நாலும் வாங்குறதுக்கு இன்னும் கொஞ்சம் போட்டீகன்னா புது மிசினே வாங்கிரலாமேண்ணாச்சி. அதுலயும் மை இருக்கும்ல" என்றார் கடைக்காரர்.

"அப்ப பழச என்ன செய்ய?" என்று நான் கேட்டேன்.

"தூரப் போட வேண்டியதுதான்க்கா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன். அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். தீவனம் விலை என்றால் மாட்டைத் தூரப் போட்டுவிட்டுப் புது மாடு வாங்கு என்கிறார் மனுஷர். நன்றாக ஓடுகிற மிஷினைக் குப்பையில் போடச் சொல்லும் வியாபாரத்தை நான் அதுவரை கண்டதில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்? சுமைகூலியை மறைத்து வைத்துக்கொண்டு சுண்டைக்காயை விற்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

பஸ் திருச்சுழி போகிற ரோட்டில் திரும்பும்போது அப்பா வாயைத் திறந்தார். "நம்ம மல்லி மூடைக்கும் வெல அவென்தான் சொல்றான். அவென் மைக்கும் வெல அவென்தான் சொல்றான். நாம எதுக்குத்தான் வெல சொல்றது?" என்றார்.

அதற்குப் பிறகு அந்த மிஷினின் குணம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒரு நாள் அப்பாவுக்குப் பயிர்க்கடன் மனுவோடு வைக்க ஆதார் நகல் வேண்டியிருந்தது. கறுப்பு எழுத்து, கறுப்புப் படம், ஒரே ஒரு தாள். மிஷின் அடிக்க மாட்டேன் என்றது. காரணம் கேட்டால், மஞ்சள் தீர்ந்துவிட்டதாம். கறுப்பில் அடிக்க மஞ்சள் எதற்கு? கறுப்பு நிறைய இருக்கிறது. ஆனாலும் மஞ்சள் வாங்கிப் போடும் வரை கறுப்பையும் தர மாட்டேன் என்று அடம் பிடித்தது.

அப்பா மிஷினின் சின்னத் திரையில் வந்த செய்தியை என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "கடையில உப்பு இல்லைன்னா சீனியும் தர மாட்டேம்னு சொன்னா, அவென் கடைக்காரனா கிறுக்கனா?" என்றார்.

தீர்ந்துவிட்டது என்று சொன்ன மஞ்சள் டப்பாவை எடுத்துக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தளதளவென்று சத்தம் கேட்டது. மை இருக்கிறது. டப்பாவின் பக்கத்தில் ஒட்டியிருக்கிற சின்னத் தகடு, அந்தச் சிப்பு, தீர்ந்துவிட்டது என்று சொல்கிறது. சிப்பு சொன்னால்தான் மிஷின் நம்பும், டப்பாவை நம்பாது. ரீஃபில் மை வாங்கி ஊசியால் ஏற்றிப் பார்த்தேன். கை, பாய், அம்மாவின் முந்தானை எல்லாம் மஞ்சளானது, மிஷின் மட்டும் மசியவில்லை. வேற்று மை, ஏற்க மாட்டேன் என்று செய்தி போட்டது. சொந்தக் காசில் வாங்கிய மிஷினில் எந்த மையை ஊற்றுவது என்று முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லையாம். இதைக் கேட்டு யாருக்கும் கோபம் வராதா? எனக்கு மட்டும்தான் வருகிறதா?

எல்லாவற்றிலும் பெரிய அநியாயம் இனிமேல்தான். கொஞ்ச நாள் அடிக்காமல் வைத்திருந்து திறந்தால், மிஷின் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். கர் புர் என்று சத்தம் போட்டுக்கொண்டு, மையை எடுத்து, மை இறங்குகிற துவாரங்களைக் கழுவும். தண்ணீரால் அல்ல, மையாலேயே கழுவும். கழுவின மை எங்கே போகிறது என்று பள்ளியில் மிஷின் பழுது பார்க்க வருகிறவரிடம் கேட்டேன். அடியில் ஒரு பஞ்சு இருக்கிறது, அதில் போய்விடும் என்றார். ஒரு நாள் பின்பக்கம் கழற்றிப் பார்த்தேன். பஞ்சு மொத்தமும் கருநீலமாகக் கனத்துக் கிடந்தது. நாங்கள் அடித்த படங்களுக்கு இவ்வளவு மை செலவாகியிருக்காது என்று அடித்துச் சொல்வேன். எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் ஆட்டுக்குப் போகும், கை கழுவின தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகும். கோடையில் குளித்த தண்ணீரைக்கூடச் சும்மா ஓடவிட மாட்டோம். அப்படிப்பட்ட வீட்டுக்குள் காசு கொடுத்து வாங்கிய மையைப் பஞ்சில் ஊற்றிக்கொள்கிற ஒரு ஜந்து வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்பாவுக்குப் பஞ்சைக் காட்டினேன். ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார். தேவையில்லாமல் மிஷினுக்குக் கரண்டு கொடுக்கக் கூடாது. திறந்தால்தானே கழுவும்? திறக்கவே வேண்டாம். வேட்டி போர்த்தியது அன்றைக்குத்தான்.

திறக்காமல் வைத்தால் மை உள்ளேயே காயும், காய்ந்தால் இன்னும் கூடுதலாகக் கழுவும் என்று எடுத்துச் சொன்னேன். அப்பா கேட்கவில்லை. தண்ணீர் வற்றும் என்று பயந்தால் மோட்டாரைப் போடாமல் வைப்பதுதான் எங்கள் பக்கத்துப் புத்தி. கிணற்றுக்கு அது சரி. மிஷினுக்குச் சரிவரவில்லை.

அடுத்து நீலம் தீர்ந்தது. மஞ்சளை ஏற்கெனவே முக்கி முனகி வாங்கிப் போட்டிருந்தோம். இந்த முறை அப்பா தனியாகவே டவுனுக்குப் போய் நீல டப்பா ஒன்று வாங்கி வந்தார். வாங்கி வந்ததை மிஷினில் போடவில்லை. போட்டால் கழுவியே தீர்த்துவிடுமே. தேவைப்படும்போது போடலாம் என்று எடுத்து வைத்தார். அதிலும் ஒரு பிழை இல்லைதான். ஆனால் எடுத்து வைக்கும் முன் ஒரு காரியம் செய்தார். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பை உரித்து, உள்ளே மை இருக்கிறதா என்று பார்த்தார்.

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? விதை வாங்கினால் ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்த்துத்தான் பணம் கொடுப்பார். பருத்திக்கொட்டை, நிலக்கடலை, எதுவானாலும் உடைத்துப் பார்க்காமல் வாங்கிய மனுஷர் எங்கள் ஊரில் கிடையாது. இவ்வளவு விலை கொடுத்த பொருளை உள்ளே பார்க்காமல் எப்படி நம்புவது? பார்த்தார், இருந்தது, திருப்தியாக டேப்பைத் திரும்ப ஒட்டினார். ஒட்டி, விதை மல்லி வைக்கிற தகர டின்னில், வேப்பிலைக்கு நடுவில் பத்திரமாக வைத்து மூடினார். உரித்த டேப் திரும்ப ஒட்டாது என்பதும், அந்த ஓட்டை வழியாகக் காற்றுப் போனால் மை காய்ந்துகொண்டே இருக்கும் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? நம் பாஷையில் ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கலாம். டப்பாவில் ஏதேதோ பாஷையில் எழுதியிருக்கிறார்கள், தமிழ் இல்லை. விற்க மட்டும் எங்கள் ஊர் வரை வரத் தெரிகிறது.

சித்திரை வெயில் தகரத்தைக் காய்ச்சி முடித்த பிறகுதான் அந்த டப்பாவுக்குத் தேவை வந்தது. மல்லாங்கிணறுப் பக்கம் ஒரு நல்ல இடம், பையன் விருதுநகரில் வேலை பார்க்கிறார், உடனே ஜாதகமும் போட்டோவும் வேண்டும் என்று தரகர் மொபட்டில் வந்து வாசலில் நின்றார்.

என் நிறத்தை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நான் கறுப்பு. மாநிறம் என்று பூசி மெழுகிச் சொல்கிற கறுப்பு இல்லை, நல்ல கறுப்பு. அம்மாவும் அப்படித்தான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் முன்பு அடித்துக் கொடுத்த போட்டோக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்திருந்தன. "நட்சத்திரம் சேரல" என்று தரகர் சொல்லுவார். நட்சத்திரம் போட்டோவைப் பார்த்த பிறகுதான் சேராமல் போகிறது என்பது எனக்குத் தெரியாதா?

வெள்ளையடித்த சுவர் முன்னால், மாம்பழ நிறச் சேலையில், கூட வேலை பார்க்கிற டீச்சர் போனில் எடுத்துக் கொடுத்த படம் ஒன்று இருந்தது. நீல டப்பாவை மாட்டினேன். சிப்பு, நிறைய இருக்கிறது என்றது. கர் புர் என்று கழுவி முடித்து, படம் மெல்ல வெளியே வந்தது.

அதில் இருந்தது நான் இல்லை. சேலை அதே சேலை, தலைமுடி அதே கறுப்பு, முகம் மட்டும் வேறு யாருடையதோ. நல்ல சிவப்பாக, கன்னத்தில் ரோஸ் படர்ந்து, மைதா மாவில் பிசைந்த மாதிரி ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தின் கறுப்பில் நீலம் கலந்திருக்கிறது. அந்த நீலம் சரியாக இறங்கவில்லை. சேலையிலும் சுவரிலும் நீலம் இல்லாததால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. குறைந்ததெல்லாம் என் முகத்தில்தான் குறைந்திருந்தது.

அப்பா வாங்கிப் பார்த்தார். "அடேயப்பா!" என்றார். தரகர் எட்டிப் பார்த்து, "இத மொதல்லயே கொடுத்திருக்கலாமேண்ணாச்சி" என்றார். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"இது நான் இல்லப்பா. நீல மை எறங்கல. வேற டப்பா வாங்கி நாளைக்கு அடிச்சுக் கொடுப்போம்" என்றேன்.

"நல்லாத்தான தாயி இருக்கு? வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு, அம்புட்டுத்தான்."

"வெளிச்சம் இல்லப்பா, மை. என் சம்பளத்துல நான் வாங்குறேன்."

"வேலையத்த வேல. ஒரு மூஞ்சிக்கு ஒரு டப்பாவா?"

அப்பா வைது சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆட்டுக்குட்டிக்கு மை செலவழித்த வீடு இது. நான் மறுபடி வாயெடுப்பதற்குள் தரகர் படத்தை ஜாதகத்துக்குள் வைத்து மடித்து, பைக்குள் செருகிக்கொண்டு மொபட்டைக் கிளப்பிவிட்டார்.

நட்சத்திரம் இந்த முறை பிரமாதமாகச் சேர்ந்தது. ஒரே வாரத்தில் பெண் பார்க்க வாரோம் என்று தகவல் வந்தது. அம்மா வீடு மெழுகித் துடைத்தாள், அப்பா காராச்சேவும் மிக்சரும் வாங்கி வந்தார். வருகிறவர்கள் என்னைப் பார்க்க வரவில்லை, அந்த ரோஸ் கன்னத்தைப் பார்க்க வருகிறார்கள். அவளை நான் எங்கே போய்க் கூட்டிக்கொண்டு வருவேன்?

போன் போட்டுத் தரகரிடம் உள்ளதைச் சொல்லச் சொன்னேன். "நேருல பாத்தா எல்லாம் சரியாயிரும்த்தா" என்று அவர் வைத்துவிட்டார்.

ஒரு காரில் வந்தார்கள். பையன், அவருடைய அம்மா, அப்பா, பெரியம்மா. பையன் சட்டைப்பையில் பேனா வைத்திருந்தார், போனை நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தார். பேசியதெல்லாம் பெரியம்மாதான். நான் காபித் தட்டோடு வந்ததும் பேச்சு நின்றது. ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். பெரியம்மா எடுக்கவில்லை. தன் கைப்பையைத் திறந்து என் போட்டோவை எடுத்தார். எழுந்து வந்து, என் காதோரம் அதைப் பிடித்து, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சேலைக்கடையில் ஜாக்கெட் துணியைச் சேலையோடு வைத்துப் பார்ப்பார்களே, அப்படி.

"இந்தப் பிள்ளதானா இது?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "அது வந்துங்க, வீட்டு மிசினுல போட்டது. நீல மை காஞ்சுபோச்சு. அதனாலதான் செத்தோண்டு கலரு மாறி..."

"மை காஞ்சா மனுசி செவப்பாயிருவாளா? இதென்ன புதுக் கதையா இருக்கு!" பெரியம்மா சிரித்தார். பையனின் அம்மாவும் சிரித்தார். "ஸ்டூடியோவுல போட்டா டச்சப் பண்ணி ஏமாத்துவாகன்னு, வீட்டுல போட்ட படம்னு சொன்னதும் நம்பி வந்தோம். வீட்டுலயும் ஆரம்பிச்சுட்டாகளா?"

தட்டைக் கீழே வைத்தேன். ஏமாற்றுக்காரர் என்ற சொல்லை எங்கள் அப்பா வாழ்நாளில் வாங்கியதில்லை. தராசு எடைக்கல் பக்கம் ஒரு நூல் தாழ்ந்தாலும் இன்னொரு கை அள்ளிப் போடுகிறவர். அவர் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மை, டேப், டப்பா என்று குழறிக்கொண்டிருந்தார். பையன் தரையைப் பார்த்தபடி இருந்தார். எல்லாரையும்விட அவர் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. வாய் இருந்ததே, "பெரியம்மா, ஒக்காருங்க" என்றாவது சொல்லியிருக்கலாம்.

"படத்துலதான் மை கொறவு. எனக்கு ஒண்ணும் கொறவு இல்ல" என்றேன்.

"வாயி வேற இருக்கா!" என்றார் பெரியம்மா.

போய்ச் சொல்லிவிடுகிறோம் என்று கிளம்பினார்கள். போட்டோவைத் திருப்பித் தரவில்லை. தராததால் அப்பாவுக்கு ஒரு நப்பாசை. நான் முகத்தைக் கழுவிவிட்டுச் சேலை மாற்றினேன். அழவில்லை. அழுதிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும் போல.

பொழுது சாய்கிற நேரம் தரகர் போன் போட்டார். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். வீட்டில் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, குடும்பம் பிடிச்சிருக்காம். பையனுக்கும் ஆட்சேபன இல்லியாம். அந்தக் கலரு விசயந்தான் பொம்பளையாளுகளுக்கு ஒரு மாதிரியா இருக்கு. சொன்ன பவுனுக்கு மேல ஒரு அஞ்சு பவுனு சேத்துப் போட்டீகன்னா, பேசி முடிச்சுரலாம்."

"அதுக்கென்னப்பா. போட்டுருவோம்" என்றார் அப்பா.

யோசிக்கவே இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஒரு மூஞ்சிக்கு ஒரு டப்பாவான்னு கேட்டீக. இப்ப அதே மூஞ்சிக்கு அஞ்சு பவுனா? நீலம் வாங்கக் காசு இல்ல, என் கறுப்ப அழிக்கக் காசு இருக்கா?"

"கிறுக்குப் பிள்ள மாதிரிப் பேசாத. அது வெட்டிச் செலவு. இது பொண்ணுக்குச் செய்றது."

"பொண்ணுக்குச் செய்றதா? எனக்கு அபராதம் கட்டுறீகப்பா. நான் என்ன தப்புச் செஞ்சேன்?"

உள்ளே அம்மா காபி டம்ளர்களை விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். அம்மா அப்பாவிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"கம்மாக்கரப் புஞ்சைக்குள்ள நான் ஒரு நாளாச்சும் களை வெட்டிப் பாத்திருக்கீகளா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அம்மா எல்லாக் காட்டிலும் வேலை செய்வாள். கண்மாய்க் கரையை ஒட்டிய அந்தப் புஞ்சைக்கு மட்டும் போக மாட்டாள். அங்கே பாம்பு கிடக்கிறது என்பாள். நாங்களும் நம்பினோம். அந்தக் காட்டுக்கு மட்டும் கூலிக்கு ஆள் விடுவார்கள்.

"அங்க பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. "ஒங்க வீட்டுல என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, நெறம் பத்தாதுன்னு ஒங்க ஆளுக சொன்னாக. எங்கய்யா ஓடி ஓடி அந்தப் புஞ்சைய எழுதிக் கொடுத்தாக. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த மண்ணு என் காலுல ஒட்டக் கூடாதுன்னு அன்னிக்கு நெனச்சேன். இன்னிக்கு வரைக்கும் ஒட்டல."

அப்பா பக்கத்தில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்தார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா திருப்பிக் கொடுத்திருப்பீகளா?"

அம்மா உள்ளே போய்த் திரும்ப டம்ளரை எடுத்தாள். அந்தப் புஞ்சையில் விளைந்த மல்லியில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், காலேஜ் போனேன். அம்மாவின் நிறத்துக்கு வசூலித்த அபராதத்தில் படித்துவிட்டு, என் நிறத்துக்கு அபராதம் கட்ட நின்றுகொண்டிருக்கிறேன். மைக்காரர்கள் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நேரத்தில் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. அவர்களாவது டப்பாவின் மேல் விலையை அச்சடித்து விற்கிறார்கள்.

அப்பா போனை எடுத்தார். தரகர் எடுத்ததும், சம்மதம் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நாள் பார்க்கிற பேச்சை ஆரம்பித்தார். அப்பா இடைமறித்து, வேண்டாம், போட்டோவை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். தரகர் விடவில்லை. அஞ்சு பவுனை மூன்றாக்கிப் பேசிப் பார்க்கிறேன், நல்ல இடம் கைவிட்டுப் போகும், வேறு படம் எடுப்போம் என்று அடுக்கினார்.

"பேசாத. எம் மக அவுக அம்மா நெறம்" என்றார் அப்பா. "அதுக்கு நான் ஒரு குந்துமணி கூடப் போட மாட்டேன். நான் வாங்கித் தின்னதே எனக்குச் செமிக்கலப்பா."